ஆளுக்கு ஒரு ஓமர்: பாலைவனத்து மன்னாவைப் புரிந்துகொள்ள

'மன்னா' தமிழில் நன்றாக ஊறிப்போன சொல். தினமும் காலையில் வாசிக்கும் வேத தியானத்துக்கு 'அனுதின மன்னா' என்று பெயர் வைக்கிறார்கள். குர்ஆனைத் தமிழில் படிப்பவர்களுக்கு 'மன்னு, ஸல்வா', அதாவது மன்னாவும் காடையும், தெரியும். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மோசேயின் தலைமையில் புறப்பட்ட இஸ்ரவேலருக்குப் பாலைவனத்தில் கடவுள் கொடுத்த உணவு அது. ஆனால் மூலக் கதையைத் திறந்து நிதானமாகப் படித்தால் கேள்விகள் வரிசையாக எழும். ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு புறப்பட்டவர்களுக்கு ஏன் பசித்தது? முதல் தடவை முறுமுறுத்தபோது சாப்பாடு கொடுத்த கடவுள், இரண்டாம் தடவை ஏன் அவ்வளவு கோபப்பட்டார்? தரையில் கிடந்த அந்தப் பொருள்தான் என்ன?

பெரும்பாலான விளக்கங்கள் கடைசிக் கேள்வியைச் சுற்றியே வருகின்றன. அதற்கும் பதில் தேடுவோம். ஆனால் இந்தக் கதையைச் சொல்லும் வேதாகமப் புத்தகமான யாத்திராகமத்தின் 16ஆம் அதிகாரம் மன்னாவின் நிறத்துக்கும் ருசிக்கும் சேர்த்து ஒரே ஒரு வசனம்தான் ஒதுக்குகிறது. அதை எப்படி அளப்பது, எவ்வளவு எடுப்பது, எப்போது எடுக்கக்கூடாது என்பதற்கே அதிகாரத்தின் பெரும்பகுதி போகிறது. கதையின் உயிர் அந்தப் பங்கீட்டில்தான் இருக்கிறது என்பது என் முடிவு.

## முதலில் சில சொற்கள்

1. ஓமர்: தானியம் போன்ற உலர்ந்த பொருளை அளக்கும் எபிரெய அளவு. ஓர் எப்பாவில் பத்தில் ஒரு பங்கு என்று யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தின் கடைசி வசனமே சொல்லிவிடுகிறது. எப்பா ஏறக்குறைய 22 லிட்டர் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் ஓர் ஓமர் 2 லிட்டருக்குச் சற்று மேல்.

2. ஹோமர்: காதுக்கு ஓமரைப்போல ஒலிக்கும். எபிரெயத்தில் எழுத்தும் வேறு, அளவும் வேறு. ஒரு ஹோமர் பத்து எப்பா, அதாவது 100 ஓமர். தமிழில் வேகமாகப் படிக்கும்போது இரண்டும் ஒன்றாகத் தோன்றி, ஒரு பெரிய விஷயம் கண்ணில் படாமல் போய்விடும். பின்னால் அதற்கு வருவோம்.

3. மன்னா: எபிரெயத்தில் 'மான்'. தரையில் கிடந்ததைப் பார்த்தவர்கள் 'மான் ஹூ', அதாவது 'இது என்ன?' என்று ஒருவரையொருவர் கேட்டார்கள் என்கிறது கதை. 'என்ன' என்பதற்கு எபிரெயத்தில் வழக்கமான சொல் 'மா' என்பதால், இது பெயரை வைத்துப் பின்னால் பிறந்த சொல்விளையாட்டு என்று மொழியறிஞர் பலர் நினைக்கிறார்கள். எப்படியோ, 40 ஆண்டு சாப்பிட்ட உணவுக்குக் கேள்வியே பெயராக நின்றுவிட்டது.

4. முறுமுறுப்பு: தமிழ் வேதாகமத்தின் அருமையான சொல் இது. நேருக்கு நேர் நின்று சண்டை போடுவதும் இல்லை, மௌனமாக இருப்பதும் இல்லை. கூடாரத்துக்குள் தொடங்கி வெளியே பரவும் புகைச்சல். வனாந்தரக் கதை முழுவதும் இந்தச் சொல் திரும்பத் திரும்ப வரும்.

## பசி எப்படி வந்தது

இஸ்ரவேலர் எகிப்தைவிட்டுப் புறப்பட்டது முதல் மாதம் 15ஆம் தேதி. ஏலிமுக்கும் சீனாய்க்கும் நடுவே உள்ள சீன் வனாந்தரத்தை அவர்கள் அடைந்தது இரண்டாம் மாதம் 15ஆம் தேதி. நடுவில் சரியாக ஒரு மாதம்.

புறப்பாடு அவசர அவசரமாக நடந்தது. புளிக்காத மாவைப் பிசைந்த பாத்திரத்தோடு துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். வழிக்கு வேறு சாப்பாடு ஆயத்தம் செய்துகொள்ளவில்லை என்று 12ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே சொல்கிறது. கடலைக் கடந்ததும் சூர் வனாந்தரத்தில் மூன்று நாள் தண்ணீர் இல்லை. மாராவில் தண்ணீர் இருந்தது, ஆனால் கசந்தது. அடுத்து ஏலிமில் 12 நீரூற்றுகளும் 70 பேரீச்ச மரங்களும் கிடைத்தன. சீனாய் தீபகற்பத்தின் மேற்குக் கரையை ஒட்டிய வாதி கரண்டல் பள்ளத்தாக்குதான் ஏலிம் என்று பலர் அடையாளம் காட்டுகிறார்கள். அங்கே இன்றும் பேரீச்ச மரங்கள் உண்டு. ஏலிமைத் தாண்டியதும் மாவு தீர்ந்தது, பசி தொடங்கியது.

சரி, ஆடுமாடுகள்? மந்தை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாகப் படும். மந்தை என்பது பாலும் மயிரும் தோலும் தரும் முதல். பசித்த வாரத்தில் அதை அறுத்துத் தின்றால் அடுத்த மாதம் பாலும் இல்லை, குட்டியும் இல்லை. பின்னால் மோசேயே இதைக் கேட்கிறார்: இருக்கிற ஆடுமாடுகளை எல்லாம் அடித்தாலும் இத்தனை பேருக்குப் போதுமா?

அந்த 'இத்தனை பேர்' எத்தனை பேர் என்பதும் ஒரு சிக்கல். வேதாகமத்தின் இன்னொரு புத்தகமான எண்ணாகமம் யுத்தத்துக்குப் போகத்தக்க ஆண்களை மட்டும் 6,03,550 என்கிறது. பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்தால் 20 லட்சத்தைத் தொடும். ஆளுக்கு 2 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 40 லட்சம் லிட்டர் மன்னா வேண்டும். 10,000 லிட்டர் தண்ணீர் லாரியில் நிரப்பினால் 400 லாரி. 'ஆயிரம்' என்று மொழிபெயர்க்கப்படும் 'எலெஃப்' என்ற எபிரெயச் சொல்லுக்குக் குலப்பிரிவு, குடும்பக் கூட்டம் என்ற பொருளும் உண்டு. அகழ்வாராய்ச்சியாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை எடுத்துக்காட்டி, மொத்த எண்ணிக்கை சில ஆயிரங்களாகத்தான் இருந்திருக்கும் என்று வாதிட்டார். எண்ணை அப்படியே ஏற்பவர்களும் உண்டு. சீனாயில் இந்தப் பயணத்தின் நேரடித் தடயம் எதுவும் அகழ்வாய்வில் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. கதை எதைச் சொல்ல வருகிறது என்பதை அறிய இந்த வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

## நான்கு விதிகள்

ஜனங்கள் முறுமுறுத்தார்கள், கடவுள் உணவு தருவதாகச் சொன்னார். சாயங்காலம் காடைகள் வந்து பாளயத்தை மூடின. காலையில் பனி விழுந்திருந்தது. பனி மறைந்ததும், உறைபனிப் பொடிபோல மெல்லிய உருண்டையான ஒன்று தரையெங்கும் கிடந்தது. கொத்துமல்லி விதையளவு, வெண்மை நிறம், தேனிட்ட பணிகாரத்தின் ருசி என்கிறது தமிழ் வேதாகமம். கொத்துமல்லி விதை பழுப்பாயிற்றே என்று குழம்ப வேண்டாம். விதை உவமை அளவுக்கும் வடிவத்துக்கும் மட்டும்தான். எண்ணாகமத்தில் அதை இயந்திரக்கல்லில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள், பானையில் வேகவைத்தார்கள், அப்பமாகச் சுட்டார்கள் என்றும் வருகிறது. வானத்திலிருந்து வந்தாலும் சமையல் வேலை சமையல் வேலைதான்.

இனி விதிகள்:

1. தலைக்கு ஓர் ஓமர். கூடாரத்தில் எத்தனை பேரோ அத்தனை ஓமர். பலசாலிக்கு ஒரு கணக்கு, கிழவிக்கு ஒரு கணக்கு என்று இல்லை.

2. அளந்து பார்க்கையில் சமம். மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. இதை இரண்டு விதமாகப் படிக்கிறார்கள். ராஷி போன்ற யூத உரையாசிரியர்கள், அளக்கும்போது அற்புதமாகவே ஓர் ஓமராக நின்றது என்கிறார்கள். எல்லாரும் கொண்டுவந்ததை ஒன்றாகக் குவித்துத் தலைக்கு ஒன்றாக அளந்தார்கள் என்பது மற்ற வாசிப்பு. எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்குப் பணம் சேர்க்கும்போது, இயேசுவின் அப்போஸ்தலரான பவுல் கொரிந்தியருக்கு இதே வசனத்தை எடுத்து எழுதுகிறார். உங்கள் மிகுதி அவர்கள் குறைவுக்கு உதவட்டும் என்பது அங்கே அவருடைய வாதம். அவர் கையில் இந்த வசனம் பகிர்வின் பக்கம்தான் சாய்கிறது.

3. காலைவரைக்கும் வைக்கக்கூடாது. வைத்தவர்களுடையது புழுத்து நாறியது. எடுக்காமல் தரையில் விட்டது வெயில் ஏறினதும் உருகிப்போனது.

4. ஆறாம் நாளில் இரட்டிப்பு, ஏழாம் நாளில் ஒன்றுமில்லை. ஆறாம் நாளில் ஆளுக்கு இரண்டு ஓமர். மறுநாளுக்கு வைத்தது மட்டும் நாறவில்லை, புழுக்கவில்லை. அப்படியும் சிலர் ஏழாம் நாளில் வெளியே போய்த் தேடினார்கள், வெறுங்கையோடு திரும்பினார்கள். பத்துக் கட்டளைகள் வருவது இதற்கு நான்கு அதிகாரம் கழித்து. இஸ்ரவேலர் ஓய்வுநாளைக் கற்பலகையில் படிப்பதற்கு முன்பே வயிற்றின் வழியாகக் கற்றுக்கொண்டார்கள்.

## செங்கல் கணக்கும் மன்னா கணக்கும்

இந்த விதிகளைத் தனியாகப் படித்தால் வெறும் கீழ்ப்படிதல் சோதனைபோலத் தோன்றும். இதே புத்தகத்தின் முதல் ஐந்து அதிகாரங்களோடு சேர்த்துப் படித்தால் காட்சியே மாறிவிடுகிறது.

எகிப்தில் இவர்கள் என்ன கட்டினார்கள்? பித்தோம், ராமசேஸ் என்னும் 'பண்டசாலைப் பட்டணங்கள்'. பிரமிடு கட்டினார்கள் என்பது பிற்காலக் கற்பனை. வேதாகமம் சொல்வது கிடங்குகளைத்தான். தானியம் சேர்த்து வைக்கும் எகிப்திய அரசன் பார்வோனின் களஞ்சியங்களைச் சுமந்து எழுப்பிய கைகள் இவை. அந்தக் கைகளுக்குத்தான் இப்போது, 'ஒரு ராத்திரிக்குக்கூடச் சேர்த்து வைக்காதே' என்று சொல்லப்படுகிறது.

களஞ்சியத்துக்கு இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. ஆதியாகமம் 47ஆம் அதிகாரம். ஏழு வருஷப் பஞ்சத்துக்காக, எகிப்தில் அதிகாரியாக உயர்ந்திருந்த இஸ்ரவேலர் முன்னோர் யோசேப்பு தானியம் சேர்த்து வைத்தார். அது பல உயிர்களைக் காப்பாற்றியது, அதை மறுக்க முடியாது. ஆனால் பஞ்சம் நீண்டபோது ஜனங்கள் முதலில் பணத்தைக் கொடுத்துத் தானியம் வாங்கினார்கள். பணம் தீர்ந்ததும் ஆடுமாடுகளைக் கொடுத்தார்கள். அதுவும் தீர்ந்ததும் நிலத்தையும் தங்களையுமே பார்வோனுக்கு விற்றார்கள். அதற்குப் பின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு அரண்மனைக்கு. கிடங்கின் சாவி ஒரே கையில் இருந்தால் பசி எப்படி அடிமைச்சாசனமாக மாறும் என்பதை வேதாகமம் இவ்வளவு விவரமாக எழுதிவைத்திருக்கிறது. பிற்காலத்தில் அதே நாட்டில் யோசேப்பின் வம்சத்தாரே அடிமைகளானார்கள்.

அடுத்து, வேலைக் கணக்கு. 5ஆம் அதிகாரத்தில் பார்வோன் வைக்கோல் கொடுப்பதை நிறுத்துகிறான். செங்கல் எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. ஆளோட்டிகள் அவர்களை விரட்டும்போது, அந்தந்த நாளின் வேலையை அந்தந்த நாளில் முடியுங்கள் என்கிறார்கள். எபிரெயத்தில் இது 'தெவர் யோம் பெயோமோ', அதாவது 'நாளுக்குரியது அதன் நாளில்'. மன்னாவை அறிவிக்கும் 16ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்தில், ஜனங்கள் போய் 'நாளுக்குரியதை அதன் நாளில்' சேர்க்கவேண்டும் என்று வருகிறது. அதே மூன்று சொற்கள். ஆளோட்டியின் வாயிலிருந்து வந்தபோது அவை முதுகை ஒடிக்கும் கட்டளை. இங்கே அவை அன்றைக்குச் சாப்பாடு உண்டு என்ற உறுதி. மொழிபெயர்ப்பில் இந்த ஒற்றுமை மறைந்துவிடுகிறது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். முழுக் கதையும் அந்த மூன்று சொற்களில் திரும்புகிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால்: அங்கே வைக்கோல் நின்றாலும் குறையாத அளவு, இங்கே எல்லாருக்கும் எட்டும் ஒரே அளவு. அங்கே 'இவர்களை வேலையிலிருந்து ஓயப்பண்ணுகிறீர்களா' என்று மோசேயிடம் பார்வோன் சீறினான். இங்கே ஏழில் ஒரு நாள் வேலையே கிடையாது, ஆனாலும் அன்றைய பங்கு முந்தின நாளே கையில் இருக்கிறது.

பாளயத்தில் இருந்தவர்கள் எகிப்தை நினைத்து ஏங்கினதையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். இறைச்சிப் பாத்திரங்களண்டையில் உட்கார்ந்து அப்பத்தைத் திருப்தியாய்ச் சாப்பிட்டோமே என்கிறார்கள். வசனத்தைக் கவனியுங்கள்: உட்கார்ந்தது இறைச்சிப் பானைக்குப் பக்கத்தில், சாப்பிட்டது அப்பம். பானையிலிருந்து இவர்கள் தட்டுக்கு எவ்வளவு வந்தது என்று கதை சொல்லவில்லை. பின்னால் எண்ணாகமத்தில் 'கிரயமில்லாமல்' மீன் சாப்பிட்டோம் என்றும் சொல்வார்கள். அடிமை உழைப்பு விலையாகப் போனது நினைவிலிருந்தே நழுவிவிட்டது.

எகிப்திய அரசு வேலையாட்களுக்குக் கூலியே உணவுப்பொருள்தான். அரச கல்லறைகளைக் கட்டிய தேர் எல்-மெதினா ஊர்த் தொழிலாளர்கள் கி.மு. 12ஆம் நூற்றாண்டில், மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில், தானியப்படி வராமல் வேலையைப் போட்டுவிட்டுக் கோயிலருகே போய் உட்கார்ந்தார்கள். பசியும் தாகமும் எங்களை இங்கே கொண்டுவந்தது, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்று அவர்கள் முறையிட்டது பாப்பிரஸ் சுருளில் பதிவாகி இன்றும் இத்தாலியின் டூரின் நகரில் இருக்கிறது. உலகில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று இதைச் சொல்வதுண்டு. அவர்கள் இஸ்ரவேலர்களும் இல்லை, அடிமைகளும் இல்லை. ஆனாலும் படி அளக்கிறவன் கையில்தான் வயிறு இருந்தது.

## அது பூச்சி சுரந்த தேனா?

சீனாயில் தாமரிஸ்க் என்றொரு பாலைவன மரம் உண்டு. பார்வைக்குச் சவுக்குபோல மெல்லிய கிளைகள். எபிரெயப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியலாளர் எஃப். எஸ். போடன்ஹைமர் 1927இல் அங்கே போய் ஆராய்ந்தார். மரத்தின் சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சி இனங்கள் இரண்டு, தங்களுக்கு மிஞ்சிய சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றுகின்றன. வறண்ட காற்றில் அது இறுகி, வெளிறிய சிறு மணிகளாகத் தரையில் விழுகிறது. மாவுப்பூச்சி பிடித்த பருத்தியிலோ மரவள்ளியிலோ பிசுபிசுப்பையும் அதை மொய்க்கும் எறும்புகளையும் பார்த்த விவசாயிகளுக்கு இது உடனே புரியும். அந்தப் பாலைவனத்து நாடோடிகளான பெதுயின் மக்கள் அதை வானத்து மன்னா என்றே அழைத்து, வெயில் ஏறுமுன் பொறுக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

பொருந்தும் இடங்கள் நிறைய: இடம், கோடையை ஒட்டிய காலம், தேன்ருசி, சிறு உருண்டை வடிவம், காலையில் பொறுக்குவது. 'புழு' என்றது எறும்பைத்தான் என்பது போடன்ஹைமரின் கருத்து. பொருந்தாத இடங்களும் அதே அளவுக்கு உண்டு:

1. இது வருஷத்தில் சில வாரங்கள்தான் கிடைக்கும். கதையில் 40 ஆண்டு, நாள்தோறும்.

2. தீபகற்பம் முழுவதும் சேர்த்தாலே ஆண்டுக்குச் சில நூறு கிலோதான். எலெஃப் கணக்கைக் குறைத்து வாசித்தாலும் கட்டாது.

3. இது வெறும் சர்க்கரை. உரலில் இடித்து அப்பம் சுட முடியாது, இதை மட்டும் தின்று மனிதர் உயிர்வாழவும் முடியாது.

4. எந்தப் பூச்சியும் ஆறாம் நாளில் இரட்டிப்பாய்ச் சுரந்து ஏழாம் நாளில் ஓய்வெடுக்காது.

கடைசிப் புள்ளிதான் என்னைப் பொறுத்தவரை தீர்ப்பு. பாலைவனத்தில் நடந்தவர்களுக்கு இந்தத் தேன்மணிகள் தெரிந்திருக்கலாம், கதையின் உவமைகளுக்கு அவை உயிர் கொடுத்திருக்கலாம். ஆனால் கதை வலியுறுத்துவது நாட்கணக்கையும் பங்கையும். அதை விளக்கப் பூச்சியியலால் ஆகாது. காற்றில் பறந்து வந்து விழும் ஒருவகைப் பாசிக்காளான்தான் மன்னா என்ற கருத்தும் இருந்தது. அது துருக்கி, ஈரான் பக்கத்துச் செய்தி, சீனாயில் அதற்கு ஆதாரம் இல்லை. மூளை வீக்கத்தைக் குறைக்க மருத்துவமனையில் ஏற்றும் 'மானிட்டால்' மருந்தின் பெயரும் மன்னாவிலிருந்து வந்ததுதான். தெற்கு ஐரோப்பாவின் ஒரு மரத்தில் வடியும் இனிப்புப் பாலுக்கு 'மன்னா' என்று பெயர். அதிலிருந்து அந்தச் சர்க்கரையை முதலில் பிரித்தார்கள்.

காடை விஷயம் எளிது. ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே பருவந்தோறும் பறக்கும் பறவை அது. வசந்தத்தில் வடக்கே போகும்போது இந்த வழியைக் கடக்கிறது. நீண்ட பறப்பில் களைத்துத் தாழப் பறந்து விழும், கையாலேயே பிடிக்கலாம். கதையில் இரண்டு தடவையும் காடை வருவது வசந்த காலத்தில்தான்.

## இரண்டாம் தடவை ஏன் கோபம்?

முதல் தடவை தண்டனை எதுவும் இல்லை. ஜனங்கள் முறுமுறுத்தார்கள், கடவுள் கேட்டார், கொடுத்தார். ஓர் ஆண்டு கழித்து, சீனாயைவிட்டுக் கிளம்பிய பிறகு நடப்பது வேறு. எண்ணாகமம் 11ஆம் அதிகாரம் அதைச் சொல்கிறது.

'பசி ருசி அறியாது' என்பார்கள். முதல் தடவை பேசியது பசி. இரண்டாம் தடவை வயிறு நிறைந்திருந்தது, நாக்கு பேசியது. மீன், வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், கீரை, வெங்காயம், வெள்ளைப்பூண்டு என்று பட்டியல் போட்டு அழுதார்கள். மன்னாவைத் தவிர கண்ணுக்கு முன்னால் ஒன்றுமில்லையே என்றார்கள். நாள் தவறாமல் ஒரே சாப்பாட்டைத் தின்றவர்கள் காய்கறிக்கு ஏங்கியதை என்னால் கேலி செய்ய முடியவில்லை. மோசேயே அந்தப் பாரம் தாங்காமல், என்னைக் கொன்றுபோடும் என்று கடவுளிடம் கேட்கிறார். பாரத்தைப் பகிர்ந்துகொள்ள 70 மூப்பர்கள் நியமிக்கப்படுவதும் அப்போதுதான்.

ஆனால் இறைச்சி கேட்டது மட்டும் குற்றம் என்றால் பதில் அரைகுறை. காடை வந்த பிறகு என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பகல் முழுவதும், இராமுழுவதும், மறுநாள் முழுவதும் எழும்பிச் சேர்த்தார்கள். கொஞ்சமாய்ச் சேர்த்தவனே பத்து ஹோமர் சேர்த்தான். இப்போது அந்தப் பழைய கணக்குக்கு வருவோம். ஒரு ஹோமர் 100 ஓமர். பத்து ஹோமர் 1,000 ஓமர். தலைக்கு ஓர் ஓமர் என்று ஓராண்டு பழகியவர்களில் ஆகக் குறைவாக எடுத்தவன், ஒருவன் 1,000 நாள் தின்னும் அளவைக் குவித்தான். அதைப் பாளயத்தைச் சுற்றிலும் காயப் பரப்பினார்கள். நான்கு விதிகளும் ஒரே ராத்திரியில் போயின. பண்டசாலை மறுபடி முளைத்துவிட்டது, இந்தத் தடவை கூடாரத்துக்குக் கூடாரம்.

இறைச்சி பல்லுக்கிடையில் இருக்கும்போதே வாதை வந்தது என்கிறது கதை. இடம்பெயரும் காடையைத் தின்றவர்களில் சிலருக்குத் தசைநார் சிதையும் ஒருவகை நச்சு நோய் வருவது மருத்துவம் அறிந்தது. அதுதான் இது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அந்த நோய் தலைகாட்டச் சில மணி நேரமாவது ஆகும். மென்று முடிக்குமுன்னே அடித்த வாதைக்கு அது முழுதாகப் பொருந்தாது. செத்தவர்களைப் புதைத்த இடத்துக்குக் கிப்ரோத் அத்தாவா என்று பெயரிட்டார்கள். பொருள்: இச்சையின் கல்லறைகள்.

## பின்னால் வந்தவர்கள் வாசித்த விதம்

யூத வீடுகளில் ஓய்வுநாள் மேசையில் இரண்டு முழு அப்பங்கள் வைப்பது ஆறாம் நாளின் இரட்டிப்புப் பங்கின் நினைவாக. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி. மன்னாவுக்கு மேலும் கீழும் பனி இருந்தது என்பது அவர்கள் மரபு. ஏன் வருஷத்துக்கு ஒரே தடவை மன்னா இறங்கவில்லை என்று சீடர்கள் ரபி சிமியோன் பென் யோகாயிடம் கேட்டதாக யூத மரபு நூலான தல்மூதில் வருகிறது. ஓர் அரசன் மகனுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை படியளந்தான், மகன் வருஷத்துக்கு ஒரு தடவைதான் அப்பாவைப் பார்க்க வந்தான். நாள்தோறும் அளக்கத் தொடங்கியதும் நாள்தோறும் வந்தான். இதுதான் அவர் சொன்ன பதில்.

பாலைவனத்தில் 40 நாள் பசித்திருந்த இயேசு கல்லை அப்பமாக்க மறுத்தபோது சொன்ன 'மனுஷன் அப்பத்தினாலே மாத்திரமல்ல' என்ற சொல், உபாகமம் 8ஆம் அதிகாரத்தில் மன்னாவைப் பற்றி மோசே சொன்னது. ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த மறுநாள், 'ஜீவ அப்பம் நானே' என்று அவர் பேசியதும் மன்னாவை வைத்துத்தான். கேட்டவர்கள் அங்கேயும் முறுமுறுத்தார்கள். 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்ற ஜெபத்தில் 'இன்று' என்ற சொல்லை மன்னா தெரிந்தவர்கள் வேறு காதோடு கேட்பார்கள்.

குர்ஆனில் மன்னும் ஸல்வாவும் மூன்று இடங்களில் வருகின்றன. இரண்டாம் அத்தியாயத்தில் கீரை, வெள்ளரிக்காய், பூண்டு, பருப்பு, வெங்காயம் கேட்டவர்களிடம், மேலானதைக் கொடுத்துத் தாழ்ந்ததை வாங்கப் பார்க்கிறீர்களா என்று மூஸா நபி கேட்கிறார்.

## மன்னா நின்ற நாள்

யோசுவா 5ஆம் அதிகாரம். யோர்தானைக் கடந்து கில்காலில் பாளயமிறங்கி, எரிகோவின் சமவெளியில், எகிப்தைவிட்டுப் புறப்பட்டதை நினைக்கும் பஸ்கா பண்டிகையை ஆசரித்தார்கள். மறுநாள் அந்தத் தேசத்துத் தானியத்தில் புளிப்பில்லாத அப்பமும் வறுத்த கதிரும் சாப்பிட்டார்கள். அதற்கடுத்த நாள் தரையில் மன்னா இல்லை. சத்தமில்லாமல் நின்றுபோனது. தலைமுறைகள் பார்ப்பதற்கென்று ஒரு கலசத்தில் எடுத்துவைத்த ஓர் ஓமர் மட்டும் மிஞ்சியது. காலைவரைக்கும் வைக்காதே என்ற உணவில், ஓய்வுநாள் பங்கைத் தவிர, கெடாமல் இருந்தது அது ஒன்றுதான்.

இனி நிலம் உண்டு, உழவு உண்டு, களஞ்சியமும் உண்டு. பங்கீட்டு விதிகள் என்ன ஆயின? அவை வயல் சட்டமாக மாறின. அறுக்கும்போது வயலின் ஓரத்தை விட்டுவிட வேண்டும். சிந்தின கதிரைத் திரும்பப் பொறுக்கக்கூடாது. ஏழாம் நாளைப்போல ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு. உபாகமம் 24இல் இன்னொன்று: வயலில் ஓர் அரிக்கட்டை மறந்து வந்துவிட்டால் அதை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது. அந்த அரிக்கட்டுக்கு எபிரெயத்தில் உள்ள சொல் 'ஓமர்'. மன்னாவை அளந்த அதே சொல்.

ரூத் என்ற மோவாபியப் பெண்ணின் கதை இந்தச் சட்டத்துக்குள்தான் நடக்கிறது. விதவை, பரதேசி, வீட்டில் வயதான மாமியார். வாற்கோதுமை அறுப்பின் தொடக்கத்தில் பெத்லகேமின் வயலில், அறுக்கிறவர்களுக்குப் பின்னால் அரிக்கட்டுகளினிடையே கதிர் பொறுக்குகிறாள். வனாந்தரத்தில் மன்னாவைப் பொறுக்கினதற்கு வரும் வினைச்சொல்லே இங்கேயும் வருகிறது. சாயங்காலம் பொறுக்கினதைத் தட்டி அளந்தபோது ஏறக்குறைய ஓர் எப்பா இருந்தது. அதாவது பத்து ஓமர். மத்தியானம் வயலின் சொந்தக்காரர் போவாஸ் கொடுத்த வறுத்த கோதுமையில் திருப்தியாய்ச் சாப்பிட்டு மீதி வைத்திருந்ததையும் எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய், மாமியார் நகோமியிடம் கொடுத்தாள்.